துண்டுக்கு அடியில்

நம்பிக்கைக்கு எங்கள் தெருவில் விலை உண்டு. எண்பதாயிரம். அதற்கு மேல் யாரும் யாரையும் நம்பியதில்லை. நம்பினேன் என்று யாராவது சொன்னால் அவர் புளுகுகிறார், இல்லையென்றால் வெளியூர்க்காரர். ஒரு வெயில்காலத்து மத்தியானம் சீட்டு எழுதாமல், சாட்சி வைக்காமல், "வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்ற ஒரே பேச்சோடு எண்பதாயிரம் பெறுமான நீலக்கற்களை ஒருவன் இன்னொருவனின் சட்டைப்பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். போட்டவன் தராசு. சட்டைப்பை சில்லுவுடையது. டீ குடித்துவிட்டு வந்து தராசு கற்களை எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு.

தராசு எண்ணாத பொருள் உலகத்தில் கிடையாது. பிறர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் நாற்காலியை எண்ணிவிட்டுத்தான் உட்காருவான். எதையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்ப்பதால் அந்தப் பெயர். சில்லுவுக்குப் பெயர் வந்தது முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருப்பதால். பள்ளிக்கூடத்தில் தராசு தள்ளிவிட்டு உடைந்த பல் அது. சிநேகிதம் ஆரம்பித்ததும் அங்கேதான். இருவருக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இருவரும் கல் தரகர்கள். தராசுக்கு மனைவி உண்டு. சில்லுவுக்கு ஒரு அம்மா மட்டும்.

எங்கள் தெருவில் விலையை வாயால் சொல்வதில்லை. சொன்னால் பக்கத்து மேசைக்காரன் அரை விலை குறைத்துக் கேட்பான். அதனால் விற்பவனும் வாங்குபவனும் கையைக் கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தால் அரை. நூறா ஆயிரமா என்பது கல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருவர் முகத்திலும் சொந்தக்காரன் செத்த களை இருக்க வேண்டும், சிரித்தவன் தோற்றான். துண்டு விழுந்துவிட்டால் அந்த மேசைப் பக்கம் யாரும் போகக் கூடாது. காது கொடுக்கக் கூடாது. கடன் கேட்டு வந்தவன்கூடத் துண்டு எழும்வரை தள்ளித்தான் நிற்பான்.

இப்படியிருந்த தெருவுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் நெட்டை வந்து சேர்ந்தான்.

வேறு ஊரில் பட்டறையில் கல் தீட்டிக்கொண்டிருந்தவன். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நாங்கள் மேசை போட்டிருக்கும் தரகர் சங்கக் கூடத்தின் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் முதல் நாள் உள்ளே வந்தான். கல்லைப் பற்றி நன்றாகத் தெரியும், ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. சில்லு அவனுக்குத் தெருவைச் சொல்லிக்கொடுத்தான்: யார் கடனுக்குத் தருவான், யார் கண்ணாடிச் சில்லைக் கெம்பு என்று தள்ளுவான் என்பதையெல்லாம். தராசு அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சில்லு தெருநாயைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கிற ஆள்.

ஆனால் தெருநாய்க்கும் ஒரு வரைமுறை உண்டு. ஆறு மாதம் ஆனது. தினமும் சாயங்காலம் மேசையை மூடியதும் சில்லுவும் தராசுவும் மூலை டீக்கடைக்குப் போவார்கள். அங்கே அன்றைக்கு யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பேசித் தீர்ப்பார்கள். அது குறைய ஆரம்பித்தது. "இன்னிக்கு வேலை இருக்குடா" என்பான் சில்லு. கல் தரகனுக்கு வெளிச்சம் போன பிறகு என்ன வேலை? இருட்டில் நீலக்கல்லும் நிலக்கரியும் ஒன்றுதான்.

தராசு கவனித்தான். கவனிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சில்லு புதுச்சட்டை வாங்கியிருந்தான், அதுவும் வெளிர்பச்சை. நாற்பது வயதில் வெளிர்பச்சை! நெட்டை சொல்கிற அரைகுறை நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தான். சில்லு சிரிக்கும்போது உடைந்த பல் தெரியாமல் கையால் மறைத்துக்கொள்வது வழக்கம். அம்மா முன்னால்கூட மறைப்பான். தராசுவிடம் மட்டும்தான் மறைக்காமல் சிரிப்பான். தள்ளிவிட்டவனே இவன்தானே, இவனிடம் என்ன மறைக்க இருக்கிறது? இப்போது நெட்டை எதிரிலும் கை மேலே போகவில்லை. அதைப் பார்த்த அன்று தராசு ஒரு புஷ்பராகத்தை இருபது சதவீதம் குறைத்து விற்றுவிட்டான். அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு துண்டைக் கவனித்தான். ஒரு நல்ல பொட்டலத்துக்குப் பேரம் முடிய அரை டம்ளர் டீ நேரம் போதும். பெரிய சரக்கு என்றால் ஒரு டம்ளர். சில்லுவும் நெட்டையும் செத்த கற்களுக்கு, அதாவது உள்ளே விரிசல் விட்டு மோதிரத்துக்குக்கூட ஆகாத கற்களுக்கு, துண்டைப் போட்டுக்கொண்டு டீயில் ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் இழவு வீட்டுக் களை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாதிரியான நிம்மதி இருந்தது. முடிவில் பொட்டலம் கை மாறவில்லை. மறுநாளும் அதே பொட்டலம், அதே துண்டு.

தராசு வீட்டுக்குப் போய் யோசித்தான். வியாபாரி எதைப் பார்த்தாலும் அதில் வியாபாரத்தைத்தான் பார்ப்பான். தராசு கண்டது இது: இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

கூட்டு என்றால் எங்கள் தெருவில் கொலைக் குற்றம் மாதிரி. வாங்குகிற இரண்டு பேர் ரகசியமாகச் சேர்ந்துகொண்டு விலையை அமுக்குவது. பிடிபட்டால் சங்கம் மேசையைப் பிடுங்கிவிடும். ஆனால் தராசுவைச் சுட்டது அந்தக் குற்றம் இல்லை. கூட்டுச் சேர வேண்டுமென்றால் முதலில் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? எண்பதாயிரத்தை எண்ணாமல் விட்டவன் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நேற்று வந்த நெட்டையோடா?

திங்கட்கிழமை சங்கத் தலைவரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை சங்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். புகார் செய்தவர் தராசு, புகாருக்கு ஆளானவர்கள் சில்லு, நெட்டை, விசாரணை வெள்ளிக்கிழமை.

விசாரணை என்றால் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். எங்கே சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள், கதவை ஏன் சாத்தினீர்கள். இருவர் பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நெட்டை குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் ஆள் போகும். கீழ்வீட்டுக்காரியிடம் ஆள் போகும். கீழ்வீட்டுக்காரி சொல்வதற்கென்றே பிறந்திருப்பாள்.

புதன்கிழமை காலை, கூட்டம் நெரிகிற நேரத்தில் சில்லு தராசுவின் மேசைக்கு வந்தான். ஜன்னலோர மேசை அது. வடக்கு வெளிச்சம் நேராக விழும். தெருவிலேயே நல்ல மேசை. சில்லு எதிரே உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை வைத்தான். தராசு பிரித்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன சரக்குடா இது?"

"சரக்கு இல்ல. கையக் குடு."

"புகாரை வாபஸ் வாங்கச் சொல்ல வந்திருந்தா, வந்த வழியே போயிடு."

"கையக் குடுடா முதல்ல."

துண்டு விழுந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதையாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். துண்டுக்கு அடியில் விரல் எதுவும் பேசவில்லை. சில்லுவின் கை தராசுவின் கையைச் சும்மா பிடித்துக்கொண்டது. ஈரமாக இருந்தது.

"நான் சொல்றப்ப உன் மூஞ்சி மாறக் கூடாது," என்றான் சில்லு. "பேரம் பேசுற மாதிரியே வச்சுக்க."

"என் மூஞ்சி எப்பவுமே அப்படித்தான்னு என் மாமியாரே சொல்லியிருக்கா. சொல்லு."

"நானும் நெட்டையும் கூட்டு இல்ல."

"அப்ப செத்த கல்லுக்கு எதுக்குடா அவ்வளவு நேரம்? எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

"கையப் பிடிச்சுக்க வேற இடம் இல்லடா."

தராசுவுக்குப் புரியவில்லை. "கைய எதுக்குப் பிடிக்கணும்?"

"நீ உன் பொண்டாட்டி கைய எதுக்குப் பிடிக்கிற?"

"நான் எங்கடா பிடிக்கிறேன்?" என்று ஆரம்பித்த தராசுவுக்கு அங்கேயே உறைத்தது. கண் பொட்டலத்தின் மேல் இருந்தது. உள்ளே மட்டும் ஏதோ ஒரு அலமாரி சாய்ந்து அதிலிருந்ததெல்லாம் கீழே கொட்டியது.

"என்னப்பா, முடியலையா? பெரிய சரக்கோ?" என்று மூன்றாவது மேசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"உன் தலைய அடமானம் வச்சாலும் உனக்குக் கட்டாது," என்றான் தராசு, முகம் மாறாமல். கேட்டவன் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

தராசு குரலைத் தாழ்த்தினான். "எத்தனை நாளா?"

"அவனோடயா? இல்ல நான் இப்படி இருக்கறதா?"

"ரெண்டும்."

"அவனோட பத்து மாசம். இப்படி இருக்கறது உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

"அப்பருந்து எங்கிட்ட மறைச்சியா? எங்கிட்ட?"

சில்லுவின் பிடி இறுகியது. "கடிகாரக்காரர் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மூலைக் கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். ஒரு லாட்ஜில் இன்னொரு ஆணோடு இருந்தார் என்று போலீஸ் இழுத்துப் போனது. செய்தித்தாளில் பெயரும் கடை விலாசமும் சேர்த்துப் போட்டார்கள். வெளியே வந்தவரிடம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக்கூட யாரும் போகவில்லை. ஒரு மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போனார்; அந்த இடத்தில் இப்போது குடை விற்கிறார்கள். அந்தச் சமயத்தில் தராசு ஒரு நகைச்சுவை சொன்னான்: அவர் கடை கடிகாரத்தில் ரெண்டு முள்ளுமே பெரிய முள்ளு. தெரு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"நானும் சிரிச்சேன்," என்றான் சில்லு. "எல்லாரையும்விட சத்தமா சிரிச்சேன். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அன்னிக்குத்தான்டா உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். காலைல சட்டை மாட்டும்போதே முடிவு பண்ணிட்டு வந்தேன். வந்து உக்காந்தா, நீ அந்த ஜோக்கைச் சொல்லிட்டிருக்க."

தராசு பொட்டலத்து வெள்ளைக் காகிதத்தை மற்றக் கையால் நீவினான். பேரத்தில் அவனுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அன்றுதான் பார்த்தோம். பெரிய சரக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான் கடைசியில்.

"நெட்டைக்கு."

"ஆமா, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்!"

"உன் வீட்டுல தெரியும்னு நினைக்கிறேன். நானா எதுவும் சொல்லல. எனக்குப் பொண்ணு பாக்கறேன், பொண்ணு பாக்கறேன்னு சுத்திட்டிருந்தாங்க. ஒரு நாள் திடீர்னு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் வந்தா டீல சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலா விழுது."

என் பொண்டாட்டிக்கு என்னை முந்திக்கொண்டு! தராசுவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எரிந்தது.

"வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கேட்டா நான் எப்படியாவது பொய் சொல்லிச் சமாளிச்சுடுவேன்," என்றான் சில்லு. "அவனுக்குப் பொய் வராது. எல்லாம் மூஞ்சியிலேயே எழுதியிருக்கும். அவனத்தான்டா தொலைச்சுக் கட்டிடுவாங்க. அவனுக்கு இங்க யாரும் கிடையாது. அவனுக்கு..."

அவனுக்கு, அவனுக்கு, அவனுக்கு. தராசுவின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. கையைச் சரக்கென்று உருவிக்கொண்டான். துண்டு தரையில் விழுந்தது.

"பேரம் முறிஞ்சிருச்சு!" என்று யாரோ கத்தினான். தெரு சிரித்தது. சில்லு குனிந்து துண்டை எடுத்து, உதறி, நாலாக மடித்துக்கொண்டு போனான். அவன் முகம் அப்போதும் மாறவில்லை. நல்ல தரகன்.

தராசு அன்று மேசையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி ஜன்னலடியில் வெள்ளைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடுகளவு கெம்புகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர்கள் அவளிடம்தான் கொடுத்தனுப்புவார்கள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "என்ன, இன்னிக்குச் சூரியன் சீக்கிரமே மறைஞ்சுட்டாரா?"

"சில்லு விஷயம் உனக்குத் தெரியுமா?"

இடுக்கி ஒரு கல்லின் மேல் நின்றது. "எந்த விஷயம்?"

"நடிக்காத."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவரே சொன்னாரா? சொன்னாருல்ல? அப்பாடா."

"என்ன அப்பாடா? எங்கிட்ட ஏன் நீ சொல்லல?"

"அது என் சரக்கா, நான் எடுத்து விக்கறதுக்கு?"

தராசு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "சின்ன வயசுலேருந்து பழகுறவன். எனக்குத் தெரியாம ஒரு கைக்குட்டை வாங்க மாட்டான். எவனோ ஒருத்தன், வாசல்ல தலைய இடிச்சுக்கிட்டு வந்தவன், அவனுக்கு எல்லாம் தெரியும். நான் யாரு? ரோட்டுல போறவனா?"

"உங்களுக்கு இப்ப என்ன கோவம்? அவர் ஒரு ஆம்பளையோட இருக்காருன்னா, இல்ல உங்களோட டீ குடிக்க வரலன்னா?"

தராசு வாயைத் திறந்தான். முதலாவதைச் சொல்லத்தான் திறந்தான். அதைச் சொன்னால் தெருவில் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வரவில்லை. இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ரெண்டாவதுதான்," என்றாள் மனைவி. "எனக்குத் தெரியாதா? நம்ம கல்யாணத்தப்ப நினைச்சுப் பாருங்க. அது வரைக்கும் எல்லாச் சாயங்காலமும் நீங்க அவரோட. நான் வந்ததும் ஒரு வருஷம் அந்தப் பக்கமே தலை காட்டல. அந்த மனுஷன் தினமும் தனியா டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போனாரு. ஞாயித்துக்கிழமை வந்து என்னை 'தங்கச்சி'ன்னு கூப்பிட்டுச் சிரிச்சுட்டுப் போனாரு. சங்கத்துல போய்ப் புகாரா குடுத்தாரு?"

தராசு நடையை நிறுத்தி உட்கார்ந்தான். "அவனுக்கு ஏன் ஒரு கரண்டி சர்க்கரை கூட?" என்று கேட்டான்.

"உங்களுக்கும் வேணும்னா வாயத் திறந்து கேளுங்க."

வெள்ளிக்கிழமை சங்கத்து மாடியில் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. வியாபாரம் நடக்காத நேரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்தவன் மானம்தான் பொழுதுபோக்கு. முன்னால் ஒரு பக்கம் சில்லு, எதிர்ப் பக்கம் நெட்டை. சில்லு சொன்னது சரிதான். நெட்டையின் முகம் கடையின் பெயர்ப்பலகை மாதிரி, தூரத்திலிருந்தே படிக்கலாம். உள்ளறைக்கு அழைத்துப்போய் இரண்டு கேள்வி கேட்டால் போதும், முடிந்தது.

விசாரணை தொடங்குமுன் புகாரை வாபஸ் வாங்க, கொடுத்தவனுக்கு மட்டும் உரிமை உண்டு. தராசு எழுந்தான்.

"வாபஸ், தலைவரே. நான் தப்பாப் பாத்துட்டேன்."

தலைவர் கிழவர், பேரத்திலேயே பழுத்தவர். கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? தப்பாவா? கடுகுக்குள்ள விரிசல் பாக்குறவன் நீ. உன்னை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ பாத்தது என்ன? நீண்ட நேரம் துண்டு போட்டு உக்காந்திருந்தாங்கன்னு நீதானே சொன்ன? அதையாவது விசாரிச்சுடுவோம். கூப்பிடு அந்த நெட்டையனை."

நெட்டை எழுந்தான். எழுந்தவன் நேராகச் சில்லுவைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னொரு விநாடி விட்டால் மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். தராசு பொய் சொல்லத் தெரியாத ஆள் இல்லை; காலையிலிருந்து நாலு பொய் தயாராக வைத்திருந்தான். நாலையும் தலைவர் பிரித்துப் பார்த்து விரிசல் கண்டுபிடித்துவிடுவார் என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. கையில் மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான்.

"பொறாமை, தலைவரே," என்று கத்தினான்.

தலைவர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எதுக்குப் பொறாமை?"

"இவன் அரை டிராயர் போட்ட காலத்துலேருந்து எங்கூடத்தான் டீ குடிச்சான். இப்ப அவன்கூடக் குடிக்கிறான். எனக்கு வயிறு எரிஞ்சுது. புதுசா வந்தவனுக்குத் தொழில் கத்துக்குடுக்கறான், கைய வச்சு விரல் கணக்குச் சொல்லிக்குடுக்கறான். நேரம் ஆகத்தான் செய்யும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கூட்டுன்னு சொன்னேன். சொன்னா நீங்க பிரிச்சு வைப்பீங்கன்னு நினைச்சேன்."

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடச் சீ, சக்களத்திச் சண்டையா?"

வெடித்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் பெஞ்சிலிருந்து வழுக்கினான். அப்போது தராசு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஆமாய்யா! மூத்தவ நான் இருக்கேன், இளையவளுக்கு என்ன கொஞ்சல்?" என்றான்.

தலைவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நெட்டை பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. அவன் மெல்ல உட்கார்ந்தான். சில்லு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியதை எல்லாரும் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். பொய்ப் புகாருக்கு அபராதம், சங்க விதிப்படி மேசை மாற்றம். ஒரு வருஷத்துக்குத் தராசு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு மேசைக்குப் போக வேண்டும். அவனுடைய ஜன்னலோர மேசை, பொய்ப் புகாரால் மானம் போனவனுக்கு.

"யாருக்கு?" என்று தராசு கேட்டான்.

"சில்லுவுக்குத்தான் ஏற்கெனவே ஜன்னல் இருக்கே. நெட்டையனுக்கு."

எரிகிற வயிற்றில் எண்ணெயை ஊற்றி விசிறியும் விட்டார்கள்.

அன்றோடு தராசு என்ற பெயர் போயிற்று. எங்கள் தெருவில் பெயர் போனால் போனதுதான். நேற்றுவரை அவன் சொன்ன எடைக்கு மறு எடை போடாதவர்கள் இப்போது, "சக்களத்தி அக்கா, இது எவ்வளவு தேறும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசையில் இன்னொரு தரம் நிறுத்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் மூஞ்சிக்கு மூணு கூடத் தேறாது" என்பான். தெரு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், ஜன்னலோரத்தில் யார் யாரோடு துண்டு போட்டார்கள் என்று கணக்கெடுக்க ஆள் இல்லை.

மறுவாரம் சில்லுவும் நெட்டையும் மாடிப்படிக்குக் கீழே வந்தார்கள். நெட்டை வழக்கம்போலப் படியில் தலையை இடித்துக்கொண்டான். தராசுவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

"டேய்," என்று சில்லு ஆரம்பித்தான்.

"நன்றி கின்றின்னு ஏதாவது வாயிலேருந்து வந்துச்சு, மிச்சப் பல்லையும் உடைச்சுடுவேன். நீ தள்ளி உக்காரு. எனக்கு இவன்கூடத்தான் பேச்சு." நெட்டையிடம் கையை நீட்டினான். "குடு."

"எதுக்குண்ணே?"

"வாரத்துக்கு ஏழு சாயங்காலம். எனக்கு எத்தனை?"

"அடப்பாவி, நான் என்ன சரக்காடா?" என்றான் சில்லு.

"சரக்கா இருந்தா உன்னை எப்பவோ வித்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். துண்டைப் போடு."

சில்லுவே துண்டைப் போட்டான். ஆறு மாதமாகத் தராசு சபித்துக்கொண்டிருந்த கை முதல் தடவையாகக் கைக்குள் வந்தது. தீட்டுச் சக்கரத்தில் காய்ப்பேறிய கை. கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. வலிக்கட்டும் என்று இறுக்கினான் தராசு. இரண்டு விநாடி கழித்து, பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான்.

மூன்று விரலைப் பிடித்தான். நெட்டை ஒன்றைப் பிடித்தான். பயந்தவன் என்று பார்த்தால் பேரத்தில் இரும்பு! தராசு மறுபடியும் மூன்று. நெட்டை சில்லுவைப் பார்த்தான். தராசு அந்தப் பார்வையையும் பார்த்தான், உள்ளே சுரீரென்றது, "என்னைப் பாருய்யா, நான்தான் வாங்குறவன்" என்றான். நெட்டை இரண்டு விரலைப் பிடித்தான். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, தராசுவின் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தான்.

"இரண்டரை. முடிஞ்சுது," என்று தராசு துண்டை எடுத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். கணக்கு இடித்தது. மறுநாள் காலை முதல் வேலையாக ஜன்னலோர மேசைக்குப் போய், தன் பழைய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் நின்றான்.

"உனக்கு எத்தனை வச்சிருக்க?"

"நாலு, அண்ணே."

"அவன் அம்மாவுக்கு?"

"ஒண்ணு. குறைக்க முடியாது."

"எனக்கு இரண்டரை. மொத்தம் ஏழரை வருதேடா. அரை உதைக்குதே."

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் கோடு இழுத்தேன். அந்த அரை நேரம் மூணு பேருமா உக்காந்துக்கலாம்னு."

தராசு அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அதற்கே நேரம் பிடித்தது. "டீ யார் கணக்கு?" என்று கேட்டான்.

நெட்டைக்கு நாலு. அம்மாவுக்கு ஒன்று. தராசுவுக்கு இரண்டரை. வாரத்தில் இருப்பது ஏழு. அதிகப்படி அரை, யார் பேரில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.